தலைவர் போல்தாயெவின் வலக்கை

பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியபோதுதான் ஹோசியத்தின் வலக்கை அவள் மானத்தை வாங்கியது.

குல்தெப்பா கிராமத்தில் விருந்தாளியின் கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் ஊற்ற வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால் 'இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன்' என்று அர்த்தம். விளிம்பு தளும்ப ஊற்றினால் 'குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணுங்கள்' என்று அர்த்தம். நாலு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. ஹோசியத்துக்கோ நாற்பத்தாறு வயது. மாப்பிள்ளையின் அம்மாவிடம் தன் மகள் மொஹிராவின் கைப்பக்குவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். கெண்டியின் கனம் கையில் தெரியவில்லை. அது எவ்வளவு சாய்ந்தது என்பதும் தெரியவில்லை. குனிந்து பார்த்தபோது கிண்ணம் நிறைந்து விரிப்பில் வழிந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள், ஹோசியத்தைப் பார்த்தாள். மடக்மடக்கென்று குடித்து முடித்தாள். இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவி "ஆமீன்" சொல்லிவிட்டு எழுந்தாள். கூட வந்த இரண்டு அத்தைமார்களும் எழுந்தார்கள். தட்டில் இருந்த சம்சாவில் அப்போதுதான் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"கை மரத்துப் போச்சுங்க, அதான் தெரியலைங்க," என்று ஹோசியத் வாசல்வரை பின்னாலேயே ஓடினாள்.

"மரத்துத்தான் போச்சு," என்றாள் அந்த அம்மாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "மனசு மரத்தவங்க வீட்டுல நாங்க சம்பந்தம் வெச்சுக்கறதில்லை."

ஒரே மாதத்துக்குள் அந்தப் பையனுக்குப் பக்கத்துத் தெருவிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மொஹிரா அம்மாவின் கையிலிருந்து கெண்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அனோர்கான்தான் சும்மா இருக்க மாட்டாமல், "ஒரு கிண்ணம் டீயில ஒரு கல்யாணத்தையே கவுத்துட்டியேடி! எங்க வீட்டுக்கும் ஒரு நடை வந்து என் மாமியாருக்கு ஊத்திட்டுப் போயேன், புண்ணியமாப் போவும்," என்றாள்.

சிரிப்பதற்கு ஹோசியத்துக்குத் தெம்பில்லை. இரண்டு வருடமாகவே அப்படித்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் அவளுடையவை இல்லை என்பது போலத் தொங்கின. ரொட்டி அடுப்பில் கை வெந்துகொண்டிருந்ததை ஒரு நாள் வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். முப்பத்தோரு இலையுதிர் காலமாகப் பருத்தி எடுத்த கை அது. புருஷன் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய், மூன்று வருடமாகப் போனில் மட்டும் புருஷனாக இருக்கிறான். வீட்டில் வேலை செய்யும் கை என்று பார்த்தால் இது ஒன்றுதான்.

மாவட்ட மருத்துவமனையில் டாக்டர் நசீமா மணிக்கட்டில் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கிக்கெடக்குக்கா. அறுத்து விட்டாச் சரியாயிடும். சின்ன அறுவைதான். ஆனா வர்ற குளிர்காலத்துக்குள்ள பண்ணணும். அதுக்கு மேல விட்டா நரம்பு செத்துரும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"பண்ணிடுங்கம்மா."

"மாகாண ஆஸ்பத்திரியிலதான் பண்ணுவாங்க. செய்யற வேலையால வந்த தொழில் நோய்னா உடனே படுக்கை கொடுப்பாங்க. இல்லைன்னா வரிசை. வரிசை இப்போ மூணு வருஷம் ஓடுது." டாக்டர் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார். "உங்க தொழில் என்னக்கா?"

"பருத்தி எடுக்கிறது."

டாக்டர் விரலை வைத்துத் தேடினார். ஒரு முறை மேலிருந்து கீழே, ஒரு முறை கீழிருந்து மேலே. "பருத்தி எடுக்குற மெஷினை ஓட்டுறவருக்கு இருக்கு. மெஷினைத் தொடைக்கிறவருக்கு இருக்கு. மெஷின் நிறுத்துற கொட்டகைக்குக் காவல் இருக்கிறவருக்கும் இருக்கு. கையால எடுக்குறவங்களுக்கு இல்லையே. அது திறன் இல்லாத வேலைன்னு போட்டிருக்கு. திறன் இல்லைன்னா தொழில் இல்லை. தொழிலே இல்லாதவங்களுக்குத் தொழில் நோய் எப்படி வரும்னு கேக்குறாங்க."

"வந்துருச்சேம்மா."

"எனக்குத் தெரியுதுக்கா. புத்தகத்துக்குத் தெரியணுமே. திறன் நிர்ணய வாரியத்துல போய் ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துருங்க. அது இருந்தா நான் இன்னைக்கே எழுதிடுவேன்."

மாவட்டத் திறன் நிர்ணய வாரியம் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. எந்த வேலை திறன் வேலை, எது வெறும் வேலை என்று தீர்மானிப்பதற்காக அங்கே நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அந்த நாற்பத்திரண்டு பேர் பார்ப்பது திறன் வேலை என்று வாரியத்தின் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அவசரப்பட்டு வேறு எதையும் அவர்கள் தீர்மானிக்கவில்லை.

இரண்டாம் மாடியில் எழுத்தர் எல்யோர் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "அட, ஹோசியத் அக்கா! வாங்க, வாங்க. என்னக்கா இந்தப் பக்கம்? இன்னும் பருத்தியே விதைக்கலையே!"

தெரிந்தவர்கள்தாம். வருடா வருடம் செப்டம்பர் பிறந்தால் ஆசிரியர், நர்ஸ், குமாஸ்தா என்று எல்லாரையும் மேலிடம் பருத்தி எடுக்க வயலுக்கு அனுப்பிவிடும். வாரியத்துக்கு ஒதுக்கியது ஹோசியத் வேலை பார்க்கும் பண்ணை வயல். தலைக்கு ஒரு நாளைக்கு அறுபது கிலோ. எல்யோரால் ஒன்பது கிலோ முடியும், அதிலும் ஒரு கிலோ இலைச் சருகு. வாரியத் தலைவர் போல்தாயெவ் முதல் நாள் ஒன்றரைக் கிலோ எடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தவர்தான். மிச்சத்தையெல்லாம் ஹோசியத்தும் அனோர்கானும் எடுத்து, எடை போடும்போது 'இது போல்தாயெவ் ஐயா பேர்ல, இது எல்யோர் தம்பி பேர்ல' என்று போடுவார்கள். பண்ணை தருவதைவிட வாரியத்தார் இவர்கள் கையில் கொஞ்சம் கூடவே தருவார்கள். சில சமயம் சர்க்கரைப் பொட்டலமும் கிடைக்கும். ஊரெல்லாம் அப்படித்தான். இதில் ஒளிவு மறைவு என்று எதுவும் கிடையாது.

எல்யோர் அவள் கொண்டுவந்த மனுவை வாசித்தான். பண்ணையின் எடைப் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினான். அவன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பதிவேட்டை வெச்சுப் பார்த்தா உங்க கணக்கு நாளைக்குப் பதினோரு கிலோதான். எனக்கே அறுபத்தி ரெண்டு. தலைவருக்கு எழுபது. அஞ்சுல ஒரு பங்குகூட எடுக்காதவங்களுக்குத் திறன் இருக்குன்னு நான் எந்த முகத்தோட எழுதுவேன்?"

"தம்பி, உன் அறுபத்தி ரெண்டு எங்கேருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்க்கா," என்றான் எல்யோர் கனிவாக. "என் நாற்காலிக்குத் தெரியாது. சரி விடுங்க, செய்முறைத் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. எழுதிப் போடறேன்."

ஏப்ரலில் தேர்வு நடந்தது. ஏப்ரலில் பருத்தி எங்கே இருக்கும்? அதனால் வாரியத்தின் கூட்ட அரங்கில், பூந்தொட்டிகளில் கம்பிகளை நட்டு, கம்பியில் மருந்துக்கடைப் பஞ்சைச் சுற்றி ஒரு வயல் அமைத்திருந்தார்கள். வரப்புக்குச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. மூன்று தேர்வாளர்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கடிகாரத்தோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் எழுத்துத் தேர்வு. 'பருத்தி எடுப்பு: ஏழு படிநிலைகள்' என்று தலைவர் போல்தாயெவ் இருநூற்றுப் பதினாலு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். கேள்வி அதிலிருந்துதான். 'முதற்படியான செடியை அணுகுதலுக்கும் இரண்டாம் படியான காயை நோக்குதலுக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.' ஹோசியத் பேனாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, 'நடந்துகிட்டே பார்ப்போம்' என்று எழுதினாள். அதற்கு மதிப்பெண் இல்லை.

பிறகு மடியைக் கட்டிக்கொண்டு கம்பி வயலுக்குள் இறங்கினாள். இறங்கியதுதான் தெரியும். இரண்டு கைகளும் ஆளுக்கொரு செடியில் பாய்ந்தன. கண்ணால் பார்த்து, கணக்கால் பிடுங்கி, விரலுக்குத் தெரியாததைத் தோளால் தெரிந்துகொண்டு, முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் அவள் நாலு நிமிடத்தில் அரங்கையே மொட்டையடித்துவிட்டாள். தேர்வாளர்களில் ஒருவர் கடிகாரத்தை இன்னும் அமுக்கியிருக்கவில்லை.

"நிறுத்தும்மா, நிறுத்து," என்றார் நடுவில் இருந்தவர். "நீ மூணாவது படிநிலையைத் தாண்டிட்டே. முதிர்வை முடிவு செய்தல். ஒவ்வொரு காய்க்கு முன்னாடியும் பதினோரு விநாடி யோசிக்கணும்."

"யோசிச்சா எப்பங்க எடுக்கிறது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வார்த்தையைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இடது பக்கம் இருந்தவர் மடியைக் கொட்டச் சொன்னார். பஞ்செல்லாம் சிவப்புத் திட்டுத் திட்டாக இருந்தது. கம்பி முனை கிழித்து அவள் விரல்களிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சரக்கு அழுக்கு," என்று அவர் பத்து மதிப்பெண் கழித்தார்.

முடிவை மாதக் கடைசியில் தபாலில் அனுப்பினார்கள். 'விண்ணப்பதாரர் நூலில் கூறப்படாத வேகத்தில், நூலில் கூறப்படாத இரண்டாவது கையையும் பயன்படுத்தி, சிந்தனையின் அறிகுறி ஏதுமின்றிச் செயல்பட்டார். இது திறன் அன்று, பழக்கம். எனினும் இதுகுறித்துக் கருத்தரங்கு ஒன்று நடத்தப்படும். விண்ணப்பதாரர் மாதிரிப் பொருளாகக் கலந்துகொள்ள வேண்டும்.'

"போடி, போ," என்றாள் அனோர்கான். "மாதிரிப் பொருளுக்கும் புலாவ் போடுவாங்க. வரும்போது எனக்கு ஒரு துணியில கட்டிட்டு வா."

'கை உழைப்பு: திறனா, பழக்கமா?' என்ற அந்தக் கருத்தரங்கு ஜூலையில் நடந்தது. மேடையின் ஓரத்தில் ஹோசியத்தை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு பூச்சாடியும் வைத்திருந்தார்கள். பேச வந்த ஒவ்வொருவரும் பூச்சாடியைப் பாராட்டினார்கள். ஒரு பேராசிரியர் அவள் கையைத் தூக்கிச் சபைக்குக் காட்டி, 'இங்கே பாருங்கள், இதில் மூளை எங்கேயாவது தெரிகிறதா?' என்று கேட்டுவிட்டு, பிடித்த இடத்திலேயே விடாமல் நாற்பது நிமிடம் பேசினார். அவர் பிடித்திருப்பதே ஹோசியத்துக்குத் தெரியவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்கு வாய்த்த வசதி.

கடைசியில் தலைவர் போல்தாயெவ் எழுந்தார். நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். கை இரண்டும் பிசைந்த மாவு போல வெள்ளையாக இருக்கும்.

"பெரியோர்களே! கையால செய்யற வேலை திறன் வேலை ஆகாது. ஏன்? அதை எல்லாராலயும் செய்ய முடியும். நான் செய்யலையே தவிர, செய்ய முடியாதுன்னு யாராவது நிரூபிக்க முடியுமா? முடியாது! ஏன்னா நான் செஞ்சதே இல்லை." கைதட்டல். "சரி, மூளையை அறுக்கிற டாக்டர் கையாலதானே அறுக்கிறாருன்னு கேப்பீங்க. அவருக்கு முன்னாடி ஒரு மேசை இருக்கு, பெரியோர்களே! மேசை இருக்கிற வேலை எதுவோ, அது திறன் வேலை. இருபத்தாறு வருஷமா நான் மேசைக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு பொருளாவது என்னால உண்டாக்க முடிஞ்சுதா? இல்லை! அப்படின்னா அது எவ்வளவு கஷ்டமான வேலைன்னு நீங்களே பார்த்துக்குங்க!"

பின்வரிசையில் யாரோ கையைத் தூக்கி, "அப்போ புலாவ் கிண்டுறது என்ன வேலைங்க?" என்று கேட்டார். மணி இரண்டரை ஆகியிருந்தது. சமையற்காரர் கதவோரத்தில் கரண்டியோடு நின்று, தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போல்தாயெவ் ஒரு நிமிடம் யோசித்து, "புலாவ் விதிவிலக்கு," என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அதோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தலைவரைக் குளிர்விக்க நினைத்த துணைத்தலைவர் இன்னொரு தீர்மானத்தையும் கொண்டுவந்தார். கைக்குத் திறன் இல்லைதான், ஆனால் மேசை உள்ள ஒருவர் அந்தக் கையை வைத்திருந்தால்? எடைப் பதிவேட்டின்படி தலைவர் அவர்கள் ஐந்தே வருடத்தில் பதினான்கு டன் பருத்தியைத் தம் கையால் எடுத்திருக்கிறார். ஆகவே நாட்டின் முதல் 'திறன்மிகு பருத்தி எடுப்பாளர்' சான்றிதழை அவருக்கே வழங்குவது. சபை எழுந்து நின்று கைதட்டியது. ஹோசியத்தும் எழுந்து தட்டினாள். தட்டியது இடது கைக்கு மட்டும் தெரிந்தது. அந்தப் பதினான்கு டன்னையும் அவள் கிலோ கிலோவாக அறிவாள். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். அதுவும் வரவில்லை.

சான்றிதழ் வந்தால் தொழில் வந்துவிட்டது. தொழில் வந்தால் நோயும் வந்தாக வேண்டும் அல்லவா? ஆகஸ்டில் மாகாண ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவு பதினான்கு டன்னை ஒரு சூத்திரத்தில் போட்டுப் பார்த்து, போல்தாயெவின் வலக்கை நரம்பு சாகக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தது. நவம்பர் நாலாம் தேதி அறுவைக்கு வந்து படுக்க வேண்டும் என்று முத்திரை குத்தி உத்தரவே அனுப்பிவிட்டது. வராவிட்டால் பதிவேடும் கையும் ஏன் பொருந்தவில்லை என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

செப்டம்பரில் வழக்கம் போல வாரியத்தைப் பூட்டிவிட்டு நாற்பத்திரண்டு பேரும் வயலுக்கு வந்தார்கள். ஹோசியத்தின் கை அப்போது இன்னும் மோசம். இடது கையை வைத்தே எடுத்தாள். மூன்றாம் நாள் வரப்பில் உட்கார்ந்து ரொட்டியும் திராட்சையும் தின்றுகொண்டிருந்தபோது, போல்தாயெவ் காரை விட்டு இறங்கி, எல்யோர் கூடவே குடை பிடிக்க, அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"இந்தாம்மா ஹோசியத். சௌக்கியமா? பொண்ணு சௌக்கியமா?"

"இருக்கோம்யா."

"கை எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

போல்தாயெவ் வரப்பில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். "எனக்குக் கத்தின்னா ஆகாதும்மா. சின்ன வயசுலேருந்தே அப்படி. கோழி அறுத்தாக்கூட உள்ள போயிடுவேன். நல்லா இருக்கிற கையைக் கொண்டுபோய்க் கொடுத்தா அவங்களும் அறுத்துப்புடுவாங்க, உத்தரவாச்சே! வரமாட்டேன்னு எழுதுனா பதினாலு டன்னைப் பத்திக் கேப்பாங்க. உனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

ஹோசியத் இடது கையால் ரொட்டியைப் பிட்டாள்.

எல்யோர் குனிந்து, "அக்கா, தலைவர் என்ன சொல்றாருன்னா, இத்தனை வருஷம் அவர் பேர்ல நீங்க எடுத்தீங்க. இதையும் அவர் பேர்ல நீங்களே..." என்று இழுத்தான்.

"படுத்துக்கச் சொல்றீங்களா?"

"படுக்கை இருக்கு, டாக்டர் இருக்காரு, சீட்டு இருக்கு," என்றார் போல்தாயெவ். "கை மட்டும்தான் வேணும். அது உன்கிட்ட இருக்கு."

பக்கத்தில் இருந்த அனோர்கான் திராட்சைக் கொட்டையைத் துப்பினாள். "ஏங்கய்யா, இவளுக்கு மீசை வெச்சு அனுப்புவீங்களா, இல்ல இப்படியே போகலாமா?"

"எழுத்துல இருக்கிறதைத்தான் பார்ப்பாங்கம்மா. ஆளை யாரு பார்க்கிறா?" என்றார் போல்தாயெவ். இருபத்தாறு வருட அனுபவம் பேசியது.

அன்று சாயங்காலம் அனோர்கான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி யோசிக்கிறே? அவன் பேரை வெச்சுக்கிட்டு உன் கையைச் சரிபண்ணிக்க. பேரு அவனோட போகட்டும், கை உன்னோட வரும். பேரா ரொட்டி தட்டப் போகுது?" ஹோசியத்துக்கும் வேறு வழி தெரியவில்லை. மொஹிராவிடம் மட்டும் இரண்டு நாள் அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

போல்தாயெவ் சொன்னது சரியாகவே இருந்தது. மாகாண ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டியலைப் பார்த்து, "போல்தாயெவ், ஆண், ஐம்பத்தெட்டு வயது," என்று கூப்பிட்டாள். தலையில் முக்காடும் பூப்போட்ட பாவாடையுமாக ஹோசியத் எழுந்து நின்றாள். நர்ஸ் மேலும் கீழும் பார்த்தாள். பட்டியலை மறுபடி பார்த்தாள். பட்டியல் மாறவில்லை.

"ஆண்கள் வார்டு, ஏழாம் படுக்கை," என்றாள்.

ஏழாம் படுக்கைக்கு இரண்டு பக்கமும் ஆண்கள் படுத்திருந்ததால் அவள் இரண்டு நாளும் நடைவழி பெஞ்சில்தான் படுத்தாள். உணவு வண்டிக்காரன் மட்டும், "போல்தாயெவ் ஐயா, கஞ்சி," என்று கிண்ணத்தை நீட்டுவான். அறுவை செய்த டாக்டர் பச்சைத் துணியின் ஓட்டை வழியாகத் தெரிந்த மணிக்கட்டை மட்டும் பார்த்தார். திறந்ததும், "அடேயப்பா," என்றார். "பதினாலு டன்னுன்னு எழுதியிருக்கு. கம்மியா இல்ல எழுதியிருக்காங்க! இது முப்பது வருஷத்துக் கை. இந்த ஆளு மாதிரி உழைக்கிற தலைவரை நான் பார்த்ததே இல்லை." கூட நின்ற மாணவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஹோசியத்தின் கையை யாரோ முதன்முதலாகப் பாராட்டியது அப்போதுதான். அவள் துணிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் உணவு வண்டிக்காரன் தேநீர் கொடுத்தான். கிண்ணத்தை வாங்கியவள் "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது. கட்டைவிரலில் சுட்டது, ஆள்காட்டி விரலில் சுட்டது. அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி சுட்டது. ஆண்கள் வார்டு நடைவழியில் உட்கார்ந்து அவள் விசும்பி விசும்பி அழுதாள். இரண்டு வருடமாக வராதது எல்லாம் அப்போது வந்தது.

வெளியே போகும் சீட்டை டாக்டரே எழுதிக் கொடுத்தார். 'நோயாளி ஆறு மாதங்களுக்கு வலக்கையால் எந்த வேலையும் செய்யக் கூடாது. கனம் தூக்கவோ, எதையும் பிடித்து இழுக்கவோ கூடாது. முழுச் சம்பளத்துடன் ஓய்வு.' ஆஸ்பத்திரி வாசலில் எல்யோர் காரோடு காத்திருந்தான். சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

"தம்பி, அது எனக்குக் கொடுத்த சீட்டு."

"தலைவர் பேர்ல இருக்கேக்கா."

"ஆறு மாசம் கையை அசைக்கக் கூடாதுன்னு சொன்னாரே டாக்டரு."

"ஆமாக்கா. அசைக்க மாட்டாரு. நாங்க பார்த்துக்குறோம்," என்றான் எல்யோர். பாவம், அவளை வீட்டு வாசல்வரை காரில் கொண்டுபோய் விட்டான்.

போல்தாயெவ் அடுத்த நாளே கையைக் கழுத்தில் கட்டிய தூளிக்குள் போட்டுக்கொண்டார். நலம் விசாரிக்க மாகாணத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். தழும்பைப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, உழைத்தவன் தழும்பைக் காட்டிக்கொண்டு திரிய மாட்டான் என்று பதில் சொன்னாராம். வீட்டில் சும்மா உட்காராமல், இடது கையாலேயே ஒரு புதிய விதியும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். தம்முடைய பதிவேட்டைப் போல இன்னொரு பதிவேடு வந்து வம்பாகிவிடக் கூடாது என்பது அவர் கவலை. விதி ஒரே வாரத்தில் அமலுக்கு வந்தது.

அந்த வாரம்தான் பண்ணையில் பருத்தி மார் பிடுங்கக் கூப்பிட்டார்கள். பருத்தி எடுத்து முடிந்த செடிகளை வேரோடு பிடுங்கிக் கட்டினால், கட்டுக்குப் பாதி வீட்டுக்கு. குல்தெப்பாவில் குளிர்காலம் முழுக்க அடுப்பெரிவது அதில்தான். வராத வீட்டுக்கு மார் கிடையாது.

ஹோசியத் கட்டுப்போட்ட கையோடு வரப்பில் போய் நின்றாள். கூட மொஹிராவும் வந்தாள். மேற்பார்வையாளர் ஹக்பெர்தி பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

"கையை அறுத்திருக்கேன் ஐயா. தையல் இன்னும் பிரிக்கலை."

"சீட்டு?"

"சீட்டு இல்லை."

"கட்டு யாரு வேணாலும் கட்டிக்கலாம்மா," என்றார் ஹக்பெர்தி. அவர் கெட்டவர் இல்லை, கையில் இருந்த காகிதத்தை அவளுக்கே திருப்பிக் காட்டினார். "உன் பேருக்கு நேரா நோய்னு எதுவும் இல்லையே."

"அம்மா வரிசையையும் சேர்த்து நான் பிடுங்குறேன் ஐயா," என்றாள் மொஹிரா.

"நீ உன் பேர்ல பிடுங்கலாம். அம்மா பேர்ல பிடுங்க முடியாது. இந்த வாரம் புது விதி வந்திருக்கு. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பேர்ல செய்யக் கூடாதாம். மோசடியாம். வாரியத் தலைவரே கையெழுத்துப் போட்டிருக்காரு, பாவம், அந்தக் கையோட."

அனோர்கான் எதையோ சொல்ல வாயெடுத்தாள். ஹோசியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வரிசைக்குப் போய்விட்டாள்.

ஹோசியத் குனிந்தாள். இடது கையால் இழுத்துப் பார்த்தாள். மண் உறைந்திருந்ததால் செடி அசையவில்லை. வலக்கையையும் சேர்த்துப் பிடித்து, காலை ஊன்றி இழுத்தாள். டாக்டர் நல்ல கைக்காரர், அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. தண்டின் சொரசொரப்பு, அதன் மேல் படிந்திருந்த பனி, கட்டுக்குள் தையல் ஒவ்வொன்றாகப் பிரிவது, எல்லாமே அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.